நாலாவது வாய்

மொத மூணு வாய் நல்லாத்தான் எறங்குச்சு. உசிலம்பட்டிக்கு அங்கிட்டு எங்க வீட்டுக்காரரோட குலசாமி கோயில்ல கிடா வெட்டு, எனக்கு எடை குறைக்கிற வயித்து ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சாவது மாசம், எல்லாமே சாப்பிடலாம்னு டாக்டர் சொல்லியும் ரெண்டு மாசம் ஆயிருச்சு, அதனால தைரியமாத்தான் பந்தில உக்காந்தேன். கறி நல்லா வெந்திருந்துச்சு, நானும் சின்னச் சின்னதா பிச்சு மென்னுதான் சாப்பிட்டேன். பக்கத்துல எங்க மதினி அவங்க மகனுக்குப் பொண்ணு பாக்குறதப் பத்திப் பேச ஆரம்பிச்சாங்க, நானும் பதில் சொல்லிக்கிட்டே நாலாவது வாய சரியா மெல்லாம முழுங்கிட்டேன். அம்புட்டுத்தான். நெஞ்சுக்குழியில கல்ல வச்ச மாதிரி அப்படியே நின்னுருச்சு.

வாயெல்லாம் எச்சி ஊறுது, மூக்குல தண்ணி வடியுது, பேச முடியல. "விக்குது போல, தண்ணி குடி எறங்கிரும்"னு யாரோ செம்ப நீட்டினாங்க, நானும் வாங்கி ஒரு மடக்கு குடிச்சேன், அதுதான் நான் செஞ்ச பெரிய தப்பு, ஏன்னா கீழ வழியில்லாம அந்தத் தண்ணியும் அதுக்கு மேலயே நின்னுருச்சு. எந்திரிச்சு கோயிலுக்குப் பின்னாடி புளியமரத்துக்கிட்ட ஓடுனேன். வந்தது வாந்தி மாதிரியே இல்ல, புளிப்பு கிடையாது கசப்பு கிடையாது, வெள்ளையா நுரை நுரையா எச்சிதான், கூடவே அந்த ஒரு துண்டு கறி. இருபது நிமிசம் ஆச்சு. மூஞ்சியக் கழுவிட்டு வந்து பாத்தா என் இலை அப்படியே கிடக்குது, எங்க பெரிய மாமனார் அதுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு "என்னத்தா, கறி சரியில்லையா?"ன்னு கேட்டாரு. வலி அரைமணி நேரத்துல போயிருச்சு. அவரு மூஞ்சி வாடிப்போனது மட்டும் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது, அதனாலதான் இத எழுதணும்னு தோணுச்சு.

எனக்கு 41 வயசு. ஆபரேஷனுக்கு முன்னாடி 118 கிலோ இருந்தேன், சுகர், முழங்கால் வலி, ராத்திரி தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வரும். செஞ்சது ஸ்லீவ் ஆபரேஷன். வயித்துல நாலுல மூணு பங்குக்கு மேல வெட்டி எடுத்துட்டு மிச்சத்த ஒரு வாழைப்பழம் மாதிரி நீளமா குழாய் கணக்கா தச்சு விட்டுருவாங்க, ஆரம்பத்துல அதுல கொள்றது ஒரு டீக்கிளாஸ் அளவுதான், 100லருந்து 150 மில்லி. வெட்டி எடுக்குற பக்கத்துலதான் பசியத் தூண்டுற கிரெலின்ங்கிற ஹார்மோன் அதிகமா சுரக்குமாம், அதனால மொத சில மாசம் எனக்குப் பசின்னா என்னன்னே தெரியல. "நடந்தாலே குறைஞ்சிருக்குமே, இதுக்கு எதுக்கு வயித்த அறுத்துக்கிட்ட"ன்னு சொந்தத்துல கேட்டவங்க நெறையப் பேரு. மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துல ரெண்டு வருசம் விடியக்காலம் நடந்து 14 கிலோ குறைச்சு அம்புட்டும் திரும்ப ஏறுனவ நான். அந்தக் கேள்வி எனக்கு இப்பவும் வலிக்கத்தான் செய்யுது.

எடை எப்படிக் குறையும், எத்தனை மாசத்துல எத்தனை கிலோன்னு எல்லாரும் சொன்னாங்க. மொத ரெண்டு வாரம் தண்ணியா, அடுத்த ரெண்டு வாரம் மசிச்சு, அப்புறம் குழைவா, ரெண்டு மாசத்துக்கு மேல கெட்டியான்னு தாள்ல அட்டவணையும் குடுத்தாங்க. ஆனா வயிறு நெறஞ்சா எப்படித் தெரியும்னு யாரும் சொல்லல, நானும் கேக்கல, வயிறு நெறஞ்சா தெரியாதான்னு நெனச்சேன். தெரியல. பழைய மாதிரி வயிறு பொதும்னு நெறையிற உணர்ச்சி வரவே வராது. நெஞ்சுல ஒரு அழுத்தம் வரும், அப்படி வந்துருச்சுன்னா ஏற்கனவே ஒரு வாய் கூடிப்போச்சுன்னு அர்த்தம். அதுக்கு முன்னாடி வேற அடையாளம் இருக்கு, அத ஒவ்வொருத்தரும் தானாத்தான் கண்டுபிடிக்கணும். எனக்கு மூக்கு ஒழுகும். ரசத்துக் காரத்துக்கு ஒழுகுற மாதிரி இல்ல, ஒரே ஒரு சொட்டு, வலது பக்கம். என் கூட அதே வார்டுல ஆபரேஷன் பண்ணிக்கிட்ட மேலூர் அக்காவுக்கு விக்கல். இன்னொருத்தருக்குப் பெருமூச்சு வருமாம். அந்த அடையாளம் வந்ததும் கையக் கழுவிரணும், வாய்க்குக் கிட்ட கொண்டு போன உருண்டையா இருந்தாலும் கீழ வச்சிரணும், இது எனக்குப் பழக ஏழெட்டு மாசம் ஆச்சு.

அடைச்சுக்கிச்சுன்னா என்ன செய்யணும்னு கேட்டு எனக்கு நெறைய மெசேஜ் வருது. நான் செய்றது இதுதான், சாப்பாட்ட நிப்பாட்டிட்டு எந்திரிச்சு பைய நடப்பேன், தண்ணி தொட மாட்டேன், எச்சி ஊறுனா துப்பிருவேன், முழுங்க மாட்டேன், வெரல விட்டு ஓங்கரிக்க மாட்டேன். பாதி நேரம் பத்து பதினஞ்சு நிமிசத்துல தானா எறங்கிரும். எறங்கலைன்னா நுரையோட மேல வந்துரும். வந்ததுக்கப்புறம் அந்த வேளைக்குக் கெட்டியா எதுவும் சாப்பிடுறதில்ல, அந்த எடம் புண்ணாயிருக்கும், கொஞ்ச நேரம் விட்டு மோரு, பருப்புத் தண்ணி அப்படித்தான்.

ஆனா இது வேற, விடாம வாந்தி எடுக்குறது வேற. ஆறாவது வாரம் எனக்கு ரெண்டு நாளா பச்சத் தண்ணி கூட நிக்கல. வீட்ல "எடை குறையுதுல்ல, சரியாயிரும்"னு சொன்னாங்க, நானும் அப்படித்தான் இருந்தேன், மேலூர் அக்காதான் போன்ல திட்டி அனுப்பி வச்சாங்க. ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்துறதுக்கு முன்னாடியே தயமின், அதாவது பி1 வைட்டமின், ஊசியாப் போட்டாங்க. ஏன்னு கேட்டேன். நம்ம உடம்புல பி1 சில வாரத்துக்குத்தான் இருப்பு இருக்குமாம், வாந்தி தொடர்ந்தா அது தீந்து போயி கண்ணு ஒரு எடத்துல நிக்காம ஆடும், நட தள்ளாடும், புத்தி தடுமாறும், சில பேருக்குப் பழைய நெலம முழுசா திரும்பாமலே போயிரும், பி1 இல்லாம குளுக்கோஸ் ஏத்துனா இன்னும் மோசமாகும்னு சொன்னாங்க. அப்புறம் எண்டோஸ்கோப்பி பண்ணி, தச்ச குழாய் எங்கயாச்சும் சுருங்கியிருக்கான்னு பாத்தாங்க. சுருங்கியிருந்தா பலூன் விட்டு விரிப்பாங்களாம். எனக்கு சுருக்கமெல்லாம் இல்ல, வேகமாச் சாப்பிட்டு வீங்கிப் போனதுதான். தண்ணியே நிக்கலைன்னா வீட்ல காத்துக்கிட்டு உக்காராதீங்க, தயவுசெஞ்சு.

எது எறங்கும் எது எறங்காதுங்கிறதுல நான் நெனச்சது எதுவுமே சரியா வரல. சோறு லேசானதுன்னு நெனச்சேன், அதுதான் மொத எதிரி, உள்ள போயி ஒன்னோட ஒன்னு ஒட்டி ஊறி உருண்டையாயிருது. பரோட்டா அதுக்கு மேல. மெத்து மெத்துன்னு இருக்குற இட்லி மாவா பசை மாதிரி நின்னுக்கிருச்சு, சாம்பார்ல நல்லா ஊறவச்சாத்தான் பரவால்ல, ஆனா முறுகலா சுட்ட தோசை நொறுங்கி நல்லாப் போகுது. கோழி நெஞ்சுக்கறி இன்னிக்கு வரைக்கும் ஆகல, சக்கை. மீன் தங்கம். அயிரை மீன் கொழம்பு வச்சா எங்கம்மா எனக்குன்னு தனியா கெட்டியா வச்சிரும். முட்டைய வேகவச்சா அடைக்கும், பொடிமாஸ் அடைக்கும், ஆனா நம்ம ஊரு பரோட்டாக் கடையில கொஞ்சம் சால்னா ஊத்தி அரைவேக்காடா சுருட்டிக் குடுப்பாங்கல்ல, கலக்கி, அது வழுக்கிக்கிட்டு எறங்கிருச்சு! டயட்டீஷியன்கிட்ட சொன்னப்ப அவங்களே சந்தோசப்பட்டாங்க, வீட்லயே செய்ங்க, முட்டை நல்லாச் சூடேறட்டும்னாங்க.

ஒரு நாளைக்கு 60 கிராம் புரோட்டீன் சாப்பிடணும்னு கணக்கு. ஒரு முட்டையில சுமாரா 6 கிராம், அப்ப நீங்களே பாத்துக்கோங்க, டீக்கிளாஸ் வயித்துக்கு அது எம்புட்டுப் பெரிய மலைன்னு. அதனால தட்டுல மொத கை வெஞ்சனத்துலதான், பருப்பு, பனீரு, மீனு, அப்புறம் எடமிருந்தாத்தான் சோறு. சோத்துக்குத் தொட்டுக்கத்தான் வெஞ்சனம்னு வளந்த நமக்கு இது தலகீழா இருக்கு. புரோட்டீன் பவுடர் பால்ல வாடை அடிச்சுச்சு, வாசனையில்லாத பவுடரா வாங்கி மோருல கலந்தேன், குடிக்க முடிஞ்சுச்சு. சாப்பிடும்போது தண்ணி கூடாது, சாப்பிட்டு அரைமணி நேரம் கழிச்சுத்தான், அதையும் மடக்கு மடக்கா இல்லாம சப்பிச் சப்பித்தான். சத்து மாத்திரை ஆயுசுக்கும் உண்டு, பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி. இரும்பையும் கால்சியத்தையும் சேத்துப் போடக்கூடாது, ரெண்டு மணி நேரம் தள்ளணும், இரும்பு போட்ட கையோட காபியும் கூடாது. நாலாவது மாசம் முடி கொத்துக் கொத்தாக் கொட்டுச்சு, பத்தாவது மாசம் திரும்ப மொளச்சிருச்சு.

சித்திரைத் திருவிழாவச் சொல்லாம விட முடியாது. மூணாவது மாசம் அது. மதுரைக்கு வர்ற அழகர எதிர்கொண்டு கும்பிடுற எதிர்சேவை பாக்கத் தல்லாகுளம் போயிருந்தோம், வெயிலு இன்னும் தணியல, ரோட்டு ரெண்டு பக்கமும் பந்தல் போட்டு மோரும் பானகமும் ஊத்துறாங்க. சாமி பேரச் சொல்லிக் குடுக்குறத வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரல, தாகம் வேற, ஒரு டம்ளர் பானகத்த ஒரே மூச்சுல குடிச்சுட்டேன். கால்மணி நேரம் கூட ஆகல, நெஞ்சு படபடன்னு அடிக்குது, வேர்த்து ஊத்துது, வயித்தப் பொரட்டுது, கண்ணு இருட்டிக்கிட்டு ஒரு கடை வாசப்படியில சாஞ்சுட்டேன், அழகர் வந்து போனதே எனக்குத் தெரியல. இனிப்பு வயித்துல தங்காம நேரா குடலுக்கு ஓடிப் போயி, அங்க ஒடம்புத் தண்ணிய எல்லாம் இழுத்துக்கிறதால வர்றது, டம்பிங்னு சொல்வாங்க. எடை குறைக்க வயித்தையும் குடலையும் மாத்தி இணைக்கிற பைபாஸ் ஆபரேஷன் செஞ்சவங்களுக்குத்தான் அதிகம், ஸ்லீவ் ஆளுங்களுக்கும் வரும். அந்தக் கடைக்காரம்மா பேரு கூடத் தெரியாது, விசிறிக்கிட்டே உக்காந்திருந்தாங்க. இந்த வருசம் அதே எடத்துல மோரு வாங்கி கால்மணி நேரமா சப்பிக் குடிச்சேன், அழகரக் கண்ணு நெறையப் பாத்தேன்.

வீட்டுக்காரரப் பத்தி எழுதலாமான்னு ரொம்ப யோசிச்சேன், அவருகிட்டயே கேட்டுட்டுத்தான் எழுதுறேன். எங்களுக்குக் கல்யாணம் ஆன நாள்லருந்து ஞாயித்துக்கெழம ராத்திரி பத்து மணிக்கு மேல பைக்கெடுத்துக்கிட்டு பரோட்டா சாப்பிடப் போறதுதான் எங்க பேச்சு நேரம், புள்ளைங்க, கடன், சண்ட, சமாதானம் எல்லாம் அந்தக் கல்லு சத்தத்துலதான். ஆபரேஷனுக்கு அப்புறம் அவரு அந்தப் பேச்சே எடுக்கல. ஒரு ஞாயித்துக்கெழம லேட்டா வந்தாரு, வேலைன்னாரு, கையில சால்னா வாசம். எனக்குக் கோவம் வரல, அழுகைதான் வந்துச்சு, நான் பக்கத்துல இல்லாம திருட்டுத்தனமா தனியா நின்னு சாப்பிட்டிருக்காரேன்னு. "உன் முன்னாடி வச்சுத் திங்க எனக்கு மனசு வரலடி"ன்னாரு. எனக்கு வேணும்கிறது பரோட்டா இல்ல, அந்த பெஞ்சுன்னு சொன்னேன். இப்ப மறுபடி போறோம். அவரு ரெண்டு பரோட்டா, எனக்கு ஒரு கலக்கி, அதுலயும் பாதிக்கு மேல போனா அவரு பக்கம் தள்ளிருவேன். ருசிக்கு ஏங்கலையான்னு கேட்டா ஏங்குறேன், சில நாள் ரொம்பவே.

விசேச வீட்டுக்கு இன்னமும் பயந்துதான் போறேன். கடைசிப் பந்தில உக்காருவேன், பின்னாடி யாரும் காத்துக்கிட்டு நிக்க மாட்டாங்க. சமையல்காரர்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சிருவேன், இலையில கொஞ்சமா வைங்கண்ணே, வயித்துல ஆபரேஷன்னு. கறி சரியில்லையான்னு கேட்ட பெரிய மாமனார் வீட்டுக்கு அடுத்த மாசமே நானா போயி எல்லாத்தையும் வெளக்கிச் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்னும் பேசல. அப்புறம் உள்ள போயி ஒரு சின்னக் கிண்ணத்துல எலும்புச் சாறு கொண்டு வந்து வச்சு, "இது எறங்குமாத்தா?"ன்னாரு. எறங்குச்சு.

அம்மாவுக்குத்தான் ரொம்ப நாளாச்சு. தட்டு காலியாகலைன்னா அதுக்கு நெஞ்சு பொறுக்காது, "இன்னும் ஒரே ஒரு வாய், அம்மாவுக்காக"ன்னு இந்த வயசுலயும் ஊட்டப் பாக்கும். ரெண்டு தடவ அந்த ஒரு வாய்க்காக நான் பாத்ரூமுக்கு ஓடுனத வெளிய நின்னு கேட்டுருக்கு. அதுக்கப்புறம் ஒன்னும் சொல்றதில்ல, நான் சாப்பிடும்போது எதிர்ல உக்காந்துக்கும். இப்ப 86 கிலோ இருக்கேன், சுகர் மாத்திரைய நிப்பாட்டியாச்சு. நேத்து மீன் கொழம்பு, நாலாவது வாய எடுக்கப் போறேன், என் மூக்கையே பாத்துக்கிட்டு இருந்த அம்மா ஒன்னும் பேசாம கைய நீட்டித் தட்ட எடுத்துக்கிட்டு அடுப்படிக்குப் போயிருச்சு. அப்புறந்தான் எனக்கே தெரிஞ்சுச்சு, ஒரு சொட்டு வந்திருந்துச்சு.