கரியால் எழுதிய பெயர்

எகிப்தில், அரசன் காஃப்ரேயின் கல்லறையான பிரமிடின் தாழ்வான வழியில் குனிந்தே நடந்து, இடுப்பைப் பிடித்தபடி உள்ளறையில் நிமிர்ந்தேன். எதிரே அரசன் பெயர் இல்லை, இந்த அறைக்கு வழி திறந்த இத்தாலியர் பெல்ஸோனியின் பெயர்! ‘பெல்ஸோனி கண்டுபிடித்தது, 2 மார்ச் 1818’ என்று இத்தாலிய மொழியில், தெற்குச் சுவரில், கரியால் பெரிய பெரிய எழுத்துகள். நம் ஊர்க் கோட்டைகளில் காதலர்கள் கிறுக்குவதைத் திட்டும் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

லண்டன் மேடைகளில் ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் சுமந்த ஆறரை அடி பலசாலி அவர். என் ஐந்தடி உடம்பே தவித்த வழியில் எப்படித்தான் நுழைந்தாரோ! வழியை அடைத்திருந்த கிரானைட் கதவை நெம்புகோலால் அங்குலம் அங்குலமாகத் தூக்கியபோது, இடுக்கில் மெழுகுவத்தியோடு முதலில் நுழைந்தவர் ஓர் அரபுத் தொழிலாளி. அவர் பெயர் சுவரில் இல்லை.

அறையிலிருந்த கல் சவப்பெட்டிக்குள் புதையலும் இல்லை. கிடைத்த எலும்புகள், பிறகு பார்த்தால், மாட்டுடையவை. போதாக்குறைக்கு, முன்பே யாரோ வந்துபோனதைச் சொல்லும் அரபு எழுத்து வேறு சுவரில் இருந்ததாம்.