238 ஓட்டும் நான் ஏறாத பஸ்ஸும்

குடியிருப்பது கோலாலம்பூர் செந்தூலில் என்றாலும் அப்போது என் ஓட்டு மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சொந்த ஊர் தெலுக் இந்தானில்தான் இருந்தது. 2014 மே மாதம் அங்கே நாடாளுமன்ற இடைத்தேர்தல் வந்தது. ஆளுங்கூட்டணிக் கட்சியான கெராக்கானின் தலைவர், சீனரான மா சியூ கியோங்கை எதிர்த்து எதிர்க்கட்சியான ஜசெக (ஜனநாயக செயல் கட்சி) டயானா சோஃபியாவை நிறுத்தியது. சட்டம் படித்த மலாய்ப் பெண், இளவயது.

பெரியப்பா போனில் கொதித்தார்.

"சீனர் ஓட்டு அதிகம், நம்ம ஓட்டு அஞ்சுல ஒண்ணு. ரெண்டு பக்கத்து ஆளையும் போடாம மலாய்ப் பிள்ளைய நிறுத்தினா எவன் போடுவான் லா?"

எனக்கு ரோஷம். "2008-ல இதே ஊர்தானே ஜசெகவோட மனோகரனை ஜெயிக்க வச்சது? அப்பவும் தோத்தது இதே மா தானே?"

"அது அலைடா. அலையில யார் நின்னாலும் ஜெயிப்பான்."

அன்றிரவு மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) நண்பர்களிடம் இனம் பார்த்து ஓட்டுப் போடுவதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். தே தாரிக், அதாவது ஆற்றிய பால் டீ, ஆறி ஆடை கட்டிவிட்டது.

மே 31, சனிக்கிழமை. கோலாலம்பூர் பூடு நிலையத்தில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் ஊர். ஓவர்டைம் இருந்தது. போன வருடம் 7,000-க்கு மேல் வித்தியாசத்தில் ஜசெக ஜெயித்த தொகுதி, என் ஒரு ஓட்டு குறைந்தால் என்ன என்று இருந்துவிட்டேன்.

238 ஓட்டில் தோற்றார் டயானா. 2013-ல் ஏறக்குறைய 80 விழுக்காடு பேர் ஓட்டுப் போட்ட தொகுதியில் இந்த முறை வந்தது 67 போலத்தான்.

"பார்த்தியா?" என்றார் பெரியப்பா. அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. கட்சி மாற்றிப் போட்டவர்களும் உண்டு. ஆனால் என்னை மாதிரி வெளியூரில் உட்கார்ந்துவிட்டவர்கள் எத்தனை பேர்?

வேட்பாளர் சீனராக இருந்திருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன். இந்தியராக இருந்திருந்தால்? "நம்ம பையன் நிக்கிறான், வந்து போட்டுட்டுப் போ" என்று அம்மா ஒரு போன் போட்டிருப்பார். ஓவர்டைமை விட்டுவிட்டுப் பஸ் ஏறியிருப்பேன். மாமாக் கடையில் அத்தனை பேசியவன்! இதை இன்றுவரை பெரியப்பாவிடம் சொன்னதில்லை.

2018 பொதுத்தேர்தலுக்கு முதல் நாளே ஊருக்குப் போய்விட்டேன். தேர்தல் மே 9, புதன்கிழமை. ஜசெக வேட்பாளர் ங்கா கோர் மிங், சீனர். ஓட்டுப் போட்டு வந்ததும் பெரியப்பா என் விரலைப் பிடித்து, மை நிஜமா என்று தேய்த்துப் பார்த்தார்.