குழு சிகிச்சையை நடத்தக் கற்றுக்கொண்ட விதம்

குடிநோய் மீட்புப் பிரிவில் நான் செவிலியராகச் சேர்ந்தபோது, குடியை நிறுத்தியவர்களின் முதல் சில நாட்களோடு என் பொறுப்பு முடிந்துவிடும். கடைசியாகக் குடித்த சுமார் 6 மணி நேரத்திலேயே தொடங்கக்கூடிய கை நடுக்கத்தைக் கவனிப்பதும், வலிப்போ, 48 மணி நேரத்தைத் தாண்டியும் வரக்கூடிய பிதற்றலோ தெரிந்தால் உடனே மருத்துவரை அழைப்பதும், தயாமின் (வைட்டமின் பி1) ஊசி போடுவதும் எனக்குப் பழகிப்போன வேலைகள். ஆகவே, வாராந்திரக் குழு சிகிச்சையை நானே நடத்த வேண்டும் என்று சொன்னபோது மிகவும் தயங்கினேன்.

சில மாதங்கள் உளவியலாளரின் பக்கத்தில் அமர்ந்து பார்த்தேன். தனியாக நடத்திய முதல் அமர்வில் வந்திருந்த பத்துப் பேருக்கும் கல்லீரல் எப்படிக் கெடுகிறது என்று நாற்பது நிமிடம் விளக்கினேன், எல்லோரும் தலையாட்டினார்கள். அமர்வு முடிந்ததும், "இன்று யார் அதிகம் பேசினார்?" என்று மட்டும் உளவியலாளர் கேட்டார்.

வலி என்றால் உடனே ஏதாவது செய்தாக வேண்டும் என்று பழகிய கைகளுக்கு, ஒருவர் அழும்போது பேசாமல் காத்திருப்பது எளிதன்று. "மனைவி வற்புறுத்தியதால்தான் வந்தேன்" என்றார் ஒருவர். முன்பென்றால் அறிவுரை சொல்லியிருப்பேன். அன்று, "உங்களுக்கென்று ஒரு காரணம் இன்னும் தென்படவில்லை" என்று அவர் சொன்னதையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து, பள்ளி விழாவுக்கு வர வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டதை அவரே சொன்னார். (அறையில் கேட்டது வெளியே போகக்கூடாது என்பது எங்கள் முதல் விதி, அடையாளம் தெரியும் விவரங்களை இங்கே தவிர்த்திருக்கிறேன்.)

நாற்பது நாள் குடிக்காமலிருந்த ஒருவர், இரண்டு நாள் குடித்துவிட்டு மறுவாரம் கதவருகே வந்து நின்றார். போதையில் வருபவரை அமர்வில் சேர்ப்பதில்லை. அவர் தெளிவாகவே இருந்தார். கைகளை நீட்டச் சொல்லி நடுக்கத்தைப் பார்த்து, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் அளந்து, மருத்துவரிடம் கேட்டுக்கொண்ட பிறகே உட்கார வைத்தேன். செவிலியர் குழுவை நடத்துவதன் பயன் எனக்கு அங்கேதான் புரிந்தது.

அவரை யாரும் கடிந்துகொள்ளவில்லை. எதிரே இருந்த பெரியவர், "முதல் கிளாஸுக்கு ஒரு மணி நேரம் முன்னால் எங்கே இருந்தீர்கள், தம்பி?" என்று கேட்டார். பயிற்சியில் நான் படித்த கேள்விதான் அது. ஆனால் குடித்து மீண்டவரின் வாயிலிருந்து வந்ததால் அவரால் பதில் சொல்ல முடிந்தது. தண்ணீர்க் குவளையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அந்த மாலையை அவர் மெல்லச் சொல்லத் தொடங்கினார்.