மூன்றில் ஒரு பங்கு

ஜூன் 3, 2024, திங்கள்

கோர்ட் உத்தரவு வந்துவிட்டது. மேனேஜர் பெயருக்கு. ஆள் வருகை, சம்பளக் கணக்கு பார்க்கும் டைம் ஆபீசுக்கு வரும் தபாலைப் பிரித்துப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை என்பதால் முதலில் படித்ததும் நான்தான். என் பெயர், என் டோக்கன் நம்பர், இ.பி. எண், அதாவது தீர்ப்பை நிறைவேற்றக் கேட்டுப் போட்ட மனுவின் எண். அக்கா வீட்டுக்காரர், என் மச்சான், வாங்கிய கடனுக்கு நான் ஜாமீன் போட்டிருந்தேன். அதற்காக ஜூன் மாதச் சம்பளத்தில் இருந்து பிடிக்க வேண்டுமாம்.

மச்சான் போனை எடுக்கவில்லை.

ஜூன் 4

தேர்தல் முடிவு. எல்லோரும் செல்போனைப் பார்த்தபடியே இருந்தார்கள். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அது போதும்.

ஜூன் 6, வியாழன்

மேனேஜர் கூப்பிட்டார். "நான் பிடிக்காமல் விட்டால் அந்தப் பணத்தைக் கம்பெனி கட்டணும் தம்பி" என்றார். சட்டம் அப்படித்தான். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். மொத்தம் 22,000. முதல் 1,000 ரூபாயைத் தொடக் கூடாது. மிச்சம் 21,000-ல் இரண்டு பங்கு எனக்கு, ஒரு பங்கு, அதாவது 7,000, கோர்ட்டுக்கு. பி.எஃப். 1,800. கூட்டுறவு சொசைட்டி லோன் 3,500. கையில் 9,700. இந்த 2024-ல் இருக்கும் சட்டப்படி, மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ஒரு விதி உண்டு. ஆனால் சொசைட்டிப் பிடித்தமும் சேர்ந்தால் முக்கால் பங்கு வரை போகலாம். எனக்குச் சொசைட்டிக் கடன் இருக்கிறது.

அந்த 1,000 ரூபாய் வரம்பு 2002-ல் வந்தது. அதற்கு முன் 400. அதற்கப்புறம் யாரும் தொடவில்லை. அரிசி அன்று என்ன விலை, இன்று என்ன விலை!

ஜூன் 9, ஞாயிறு

நாளை பள்ளிக்கூடம் திறக்கிறது. வேன் பீஸ், நோட்டு, ஷூ. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 11

சொல்லிவிட்டேன். அழவில்லை. "அக்காவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 15, சனி

திண்டுக்கல் போய் வக்கீலைப் பார்த்தேன். கடன் வாங்கியவரை முதலில் கேட்கட்டும் என்று ஜாமீன்தார் சொல்ல முடியாதாம். இரண்டு பேரும் சமம். ஒரே டிக்ரிக்கு, அதாவது ஒரே கோர்ட் தீர்ப்புக்கு, 24 மாதம்தான் சம்பளத்தைப் பிடிக்கலாம், அதோடு அந்த டிக்ரிக்குச் சம்பளத்தின் பக்கம் வரவே முடியாது என்றார். கொஞ்சம் மூச்சு வந்தது. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் பெருக்கிப் பார்த்தேன்: 1,68,000. டிக்ரி 2,60,000. பாக்கிக்கு? திரும்பப் போய்க் கேட்டேன். டிக்ரிக்கு 12 வருஷம் உயிர் உண்டு, வேறு சொத்தைத் தேடலாம் என்றார்.

வேறு சொத்து என்றால் அப்பா கட்டிய வீடுதான்.

நான் கட்டுவதை மச்சானிடம் வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ளலாமாம். கோர்ட்டில் எதிர்ப்பக்கம் அக்கா குடும்பம் நிற்கும். அதை நினைக்கவே முடியவில்லை.

ஜூன் 16

வீடு. வீடு. வீடு.

ஜூன் 22, சனி

எங்கள் மில்லில் ஸ்பின்னிங்கில், அதாவது நூல் நூற்கும் பிரிவில், முன்பு ஒருவர் இருந்தார். மனைவிக்கு ஜீவனாம்சம் கொடுக்காமல் உத்தரவு வந்தது. ஜீவனாம்சத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வரை பிடிக்கலாம். மாதாமாதம் நான்தான் அந்தப் பிடித்தத்தை ஏற்றினேன். அந்தம்மா பிள்ளையோடு வந்து ஆபீஸ் வாசலில் நின்று, "பணம் போயிருச்சா சார்?" என்று கேட்பார். அந்தப் பணம் போக வேண்டிய இடத்துக்குப் போனது. இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வாங்காத கடனுக்கும் அதே பதிவேடு, அதே பத்தி. இது சரியில்லை. வாங்கியவரிடம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் ஜாமீன் போட்டவனிடம் வரச் சொல்லலாமே.

ஜூன் 29

மச்சான் போனை எடுக்கவில்லை.

ஜூலை 5, வெள்ளி

பே ஸ்லிப் போட்டேன். மற்ற எல்லோருடையதையும் முடித்துவிட்டுக் கடைசியாக என்னுடையது. "கோர்ட் பிடித்தம் 7,000".

ஜூலை 6

9,700.

ஜூலை 8, திங்கள்

அக்கா பேசினாள். மச்சான் திருப்பூரில்தான் இருக்கிறாராம், பனியன் கம்பெனியில். அவளுக்கு விஷயம் போன வாரம்தான் தெரியுமாம். "நான் மாசம் ரெண்டாயிரம் தர்றேன்டா" என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

பிடிக்கிற 7,000 முதலில் வட்டிக்குப் போகிறதா, அசலுக்கா? சனிக்கிழமை வக்கீலிடம் கேட்க வேண்டும். டிக்ரி நகலையும் எடுத்துப் போக வேண்டும்.