எட்டு முகவரிகளில் ஒரு கட்டுரை

பாரம்பரிய நெல் வகைகளைப் பற்றி அப்பா எழுதியவற்றை ஓர் இணையதளமாகப் பராமரித்து வருகிறேன். கருங்குறுவை பற்றி அதில் இருப்பது ஒரே கட்டுரைதான். அது எட்டு முகவரிகளில் திறந்துகொண்டிருந்தது. எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் என்று இரண்டு, டபிள்யூடபிள்யூடபிள்யூ சேர்த்தாலும் திறக்கும், சேர்க்காவிட்டாலும் திறக்கும், நடுவில் இன்டெக்ஸ்.பிஎச்பி வந்தால் மறுபடி இரட்டிப்பு. வாசகர்கள் பகிர்ந்த இணைப்புகள் எட்டிலும் சிதறிக் கிடந்தன. அவற்றில் ஒன்றுகூட வீணாகக் கூடாது என்பதுதான் என் கவலை.

எச்டிடிபிஎஸ் உள்ள, டபிள்யூக்களும் இன்டெக்ஸ்.பிஎச்பியும் இல்லாத முகவரியே இறுதி என்று முடிவு செய்து, மற்ற ஏழும் அதற்கே வழிமாறும்படி, அப்பாச்சி என்ற இணைய சர்வரின் அமைப்புக் கோப்பான எச்டிஆக்சஸில் விதிகளை எழுதினேன். முதலில் 302 என்ற தற்காலிக வழிமாற்றைத்தான் போட்டேன். 301 என்பது நிரந்தர வழிமாற்று. உலாவி அதை நினைவில் வைத்துக்கொள்ளும். விதி தவறென்றால், சர்வரில் திருத்திய பிறகும் வாசகரின் உலாவி பழைய தவறான வழியிலேயே போகக்கூடும்.

இன்டெக்ஸ்.பிஎச்பியை நீக்குவதில்தான் இரண்டு இரவுகள் போயின. சர்வருக்குள் எல்லாக் கோரிக்கைகளும் அந்தக் கோப்புக்கே போவதால், சாதாரண விதி முடிவில்லாத சுழலில் மாட்டிக்கொண்டது. உலாவி அனுப்பிய மூலக் கோரிக்கை வரியிலிருந்து முகவரியைப் பிரித்தெடுத்தேன். சுழல் நின்றது, தமிழ் உடைந்தது. 'கருங்குறுவை' என்ற சொல், எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 33 பைட்டுகள். முகவரியில் சதவீதக் குறிகளோடு 99 எழுத்துகளாகப் போகும். அப்பாச்சி அதை மீண்டும் ஒருமுறை குறியாக்கியதால் ஒவ்வொரு % குறியும் %25 ஆகி, 165 எழுத்துகளாக வீங்கிவிட்டது. பக்கம் கிடைக்காமல் 404 வந்தது. ஆங்கில முகவரிகளை மட்டும் சோதித்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்கவே செய்யாது. விதியின் கடைசியில், மீண்டும் குறியாக்காதே என்று சொல்லும் என்இ என்ற கொடியைச் சேர்த்ததும் சரியாயிற்று.

டபிள்யூ உள்ள பெயரையும் எச்டிடிபிஎஸ்ஸுக்கான பாதுகாப்புச் சான்றிதழில் சேர்த்தேன். உலாவி சான்றிதழைச் சரிபார்த்த பிறகுதான் வழிமாற்றையே படிக்கும்.

சர்வரின் பதிலை நேரடியாகக் காட்டும் கர்ல் கட்டளையில் பார்த்தபோது சில முகவரிகள் இறுதி முகவரியை அடைய மூன்று முறை வழிமாறி, மூன்று தாவல் தாவின. இன்டெக்ஸ் விதியை மேலே கொண்டுவந்து, எல்லா விதிகளுக்கும் இறுதி முகவரியையே முழுமையாக இலக்காகக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து 302ஐ 301 ஆக்கினேன்.

அப்பாவின் நாட்குறிப்பில் அவர் கைப்பட எழுதி வைத்திருந்தது எட்டிலேயே நீளமான முகவரி. அதைப் பார்த்து எழுத்தெழுத்தாகத் தட்டினேன். ஒரே தாவலில் கட்டுரை திறந்தது.