முள்ளெலி என்று எழுதினேன்

பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரம், விலங்கியல் சார் மேசையில் இரண்டு சாடி வைத்தார். ஒன்றில் காண்டாமிருக வண்டு. தென்னங்குருத்துக்குள் கம்பியை விட்டு அப்பா அதைக் குத்தி எடுப்பதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். மற்றதில் ஓர் எலி. முதுகில் தட்டையான முட்கள், வால் நுனியில் தூரிகை போல முடி. மலையோரத்து மிளகு விளையில் செத்துக் கிடந்ததாம்.

முள்ளெலி என்று எழுதினேன். சார் சிரித்துவிட்டார். “லே மக்கா, முள்ளெலி எலியே இல்லலே! அது மூஞ்சூறுக்குச் சொந்தம்.”

சாடியில் இருந்ததோ ‘மலபார் ஸ்பைனி டார்மவுஸ்’ எனப்படும் அசல் கொறித்துண்ணி, சாகும் வரை முன்பல் வளர்கிற கூட்டம். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே உண்டு, மரப்பொந்தில் குடியிருக்கும். 1859-இல் பிளைத் என்பவர் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். டார்மவுஸ் என்ற அணில் போன்ற கொறித்துண்ணிக் குடும்பத்தோடு வெகுகாலம் சேர்த்திருந்தார்கள். இப்போது அதற்குத் தனிக் குடும்பமே இருக்கிறது, நெருங்கிய உறவெல்லாம் சீனாவிலும் வியட்நாமிலும்! மஸ்கட்டில் இருக்கும் நம் சங்கத்துக்காரர்கள் மாதிரிதான், சொந்தமெல்லாம் தூரத்தில்.

வண்டுக்கும் அதற்கும் பொது, இரண்டும் விலங்கு என்பதோடு சரி. ஒன்றுக்கு முதுகெலும்பு, மற்றதற்கு வெளியே ஓடு. கொறித்துண்ணிகள் சுமார் 2,500 இனம் என்றால், பெயர் வைத்த வண்டினங்களே நான்கு லட்சத்தை நெருங்கும்.

பாதுகாப்புக்கு வந்தால் கணக்கு தலைகீழ். பாலூட்டிகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும், எந்த உயிரினம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் உலகப் பட்டியலான செம்பட்டியலுக்காக மதிப்பிட்டுவிட்டார்கள். வண்டுகளில் சிறு பங்கைத்தான். சாடி எலி இன்று அந்தப் பட்டியலில் ‘அழியும் ஆபத்துக்கு இலக்காகக்கூடியது’. ஆனால் நாங்கள் படித்தபோது, 1972 வனவுயிர்ச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் எலி, சுண்டெலி என்று மொத்தமாகத் தீங்குயிர்க் கணக்கில் போட்டிருந்தது. 2022 திருத்தத்தில்தான் அந்த அட்டவணை போனது. பெயரில் எலி இருந்தால் இந்த நாட்டில் பெரும் தொல்லை!

வண்டுக்காக யாரும் கண்ணீர் விடவில்லை. விட வேண்டியதும் இல்லை என்பது என் கட்சி. எருக்குழியில் அதன் புழு கட்டைவிரல் தடிமனுக்குக் கொழுத்துக் கிடக்கும். நாங்கள் பொறுக்கிக் கோழிக்குப் போடுவோம். புழுவைக் கொல்லும் பச்சைப் பூஞ்சையைக் குழியில் கலக்கச் சொல்லித் தந்தவரும் சார்தான்.

போன விடுமுறைக்கு மஸ்கட்டிலிருந்து ஊருக்குப் போனேன். எங்கள் விளையில் பாதி ரப்பர் ஆகிவிட்டது. அப்பாவின் கம்பி இன்னும் எரவாணத்தில் சொருகியிருக்கிறது. அதற்கு வேலையும் இருக்கிறது. முள் முதுகு எலியை உயிரோடு ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை.