பத்து ஆண்டுகள் எந்த நாளிலிருந்து?

இருப்புப் பாதைப் பிரிவில் பணியாற்றிய காலத்தில், ஆளில்லா லெவல் கிராசிங் ஒன்றை மூடுவது குறித்துப் பேசப்போன இடத்தில் ஒரு விவசாயிக்கு நான் அளித்த பதில் சட்டப்படி சரியானது. ஆனாலும் அதை இன்றுவரை மனத்துக்குள் சரிபார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

அவருடைய வயல் இருப்புப் பாதையின் இருபுறமும் கிடந்தது. கிராசிங்குக்குப் பதிலாகச் சற்றுத் தள்ளி அமையவிருந்த சுரங்கப்பாதைக்குள் நெல் அறுவடை இயந்திரம் நுழையாது என்பதால், வயலுக்கு நேராக ஒரு வழியும், மாடுகள் தண்டவாளத்தில் ஏறாதபடி வேலியும் வேண்டும் என்று கேட்டார். 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 16ஆவது பிரிவைச் சொன்னேன். பாதையால் நிலத்தின் பயன்பாடு தடைப்படும் இடங்களில், மாநில அரசு தேவையெனக் கருதும் கடவுகளையும் பாலங்களையும் ரயில்வே அமைத்துப் பராமரிக்க வேண்டும். ஆனால் அந்தப் பாதை பொதுப் போக்குவரத்துக்கு முதலில் திறக்கப்பட்டுப் பத்து ஆண்டுகள் கடந்துவிட்டால், கூடுதலாக எதையும் தன் செலவில் செய்து தரும் கடமை ரயில்வேக்கு இல்லை.

"அகலப்பாதை இப்பத்தானே சார் போட்டீங்க?" என்றார்.

"இதே வழியில பழைய மீட்டர் கேஜ் வண்டி முதல்ல ஓடின நாள்தான் ஐயா கணக்கு."

"அப்ப நான் பொறக்கறதுக்கு முன்னாடியே என் கெடு முடிஞ்சுபோச்சா?"

ஆம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் 17ஆவது பிரிவுக்குத் தாவினேன். நில உரிமையாளர் தம் செலவில் கூடுதல் கடவு கோரலாம் என்கிறது அது. இருப்புப் பாதைக்கு அடியில் ஒரு வழி அமைக்க ஆகும் செலவு அவருடைய நிலத்தின் விலையைத் தாண்டும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். வேலியைப் பொறுத்தவரை, மத்திய அரசு கோரினால் மட்டுமே அமைக்க வேண்டும் என்று 18ஆவது பிரிவைக் காட்டினேன். மின்சார ரயில் நெருங்கும்வரை சத்தமே கேட்பதில்லை, டீசல் என்ஜின் என்றால் மாட்டுக்கே தெரிந்துவிடும் என்றார். அதற்கு எந்தப் பிரிவும் இல்லை.

கிராசிங்கை மூடியதில் எனக்கு ஐயம் கிடையாது. ஆளில்லாக் கடவுகளில் வேனும் டிராக்டரும் அடிபட்ட செய்திகளைப் படித்தவர் யாரும் அதை எதிர்க்க மாட்டார். 2019 ஜனவரிக்குள் நாடு முழுவதும் அகலப்பாதையில் அவை ஒழிக்கப்பட்டன. எங்கள் கடவும் மாவட்ட ஆட்சியரின் ஒப்புதலோடுதான் மூடப்பட்டது. ஆயினும் அவர் கேட்டது உண்மையில் 'கூடுதல்' தானா? பல தலைமுறையாக இருந்த வழி போகிறதே, அதற்கு ஈடு எங்கே என்பதல்லவா அவருடைய கேள்வி? பராமரிக்க வேண்டும் என்ற சொல்லும் அதே 16ஆவது பிரிவில்தான் இருக்கிறது. சுரங்கப்பாதைதான் அந்த ஈடு என்று அலுவலகத்தில் எல்லோரும் சொன்னோம்; வரைபடத்தில் பார்த்தால் அது சரியாகவே தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் அதற்குள் நிற்கும் தண்ணீர் வரைபடத்தில் வராது. பம்பு வைத்து இறைக்கலாம், சில இடங்களில் இறைக்கவும் செய்கிறார்கள்.

தண்ணீர் நிற்கும் நாட்களில் அவர் தண்டவாளத்தைத் தாண்டித்தான் வயலுக்குப் போகிறார் என்று டிராக்மேன்கள் சொன்னார்கள். அது அத்துமீறல், 147ஆவது பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறையோ ஆயிரம் ரூபாய்வரை அபராதமோ கிடைக்கும் குற்றம். அவர்மீது புகார் எழுதும்படி என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.